ஆரல்வாய்மொழி ஒரே நாளில் விழுந்தது, வியட்நாம் ஏன் விழவில்லை? பெரிய படை கெரில்லாக்களிடம் தோற்பது எப்படி?

தக்கலை வாசகன் கேட்டது:

அடுத்த மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் போர் வரலாறு பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. குறிப்பெடுக்கும்போது ஒரு இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

1809 பிப்ரவரியில் திருவிதாங்கூரின் தளவாய் (தலைமை அமைச்சர்) வேலுத்தம்பியின் படை ஆரல்வாய்மொழிக் கணவாயில் மதிலும் பீரங்கியுமாக நின்றது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு ஒரு ராத்திரியும் ஒரு காலையும் போதுமாக இருந்தது. அடுத்த பத்து நாளில் உதயகிரி, பத்மநாபபுரம் கோட்டைகளும் கைமாறிவிட்டன. ஆனால் வியட்நாமில் 1969 ஏப்ரலில் அமெரிக்கப் படை 5 லட்சத்து 43 ஆயிரம் பேர். ஆகாயம் முழுக்க அவர்கள் கையில். அப்படியும் 58,000க்கு மேல் உயிர்களை இழந்துவிட்டு வெளியேறினார்கள். ஆப்கானிஸ்தானில் முதலில் சோவியத் யூனியன், பிறகு அமெரிக்கா.

படித்த இடமெல்லாம் "மக்கள் ஆதரவு, மன உறுதி" என்று முடித்துவிடுகிறார்கள். வேலுத்தம்பிக்கும் மக்கள் ஆதரவு இருந்ததே! நடைமுறையில் ஒரு பெரிய படை எந்த இடத்தில் தடுமாறுகிறது? எண்களோடு யாராவது விளக்க முடியுமா? குளச்சல் போரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

ஆரல் காற்று:

ஆரல்வாய்மொழியில் நடந்தது கெரில்லாப் போரே இல்லை. கம்பெனிக்கு எந்தச் சண்டை நன்றாகத் தெரியுமோ அதையே தளவாயின் படை அவர்களுக்குக் கொடுத்தது.

இடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் மலை, நடுவே சுமார் இரண்டு மைல் நீளத்துக்கு அரண். முழுப் பலமும் அந்த ஒரு கோட்டில். கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் வந்த படை அந்த அரண் வரிசையை நேரே முட்டவில்லை. மேஜர் வெல்ஷின் ஆட்கள் இருட்டில் தெற்கு மலையில் ஏறி, பிப்ரவரி 10 விடியும்போது அரணின் தலைக்கு மேலே நின்றார்கள். மேலேயிருந்து சுட ஆரம்பித்ததும் கீழே பீரங்கி எத்தனை இருந்தும் பிரயோஜனமில்லை. கோடு உடைந்தால் பின்வாங்கி எங்கே சேருவது, யார் யாரோடு போவது என்ற ஏற்பாடு பின்னால் இல்லை. தளவாய் மார்ச் கடைசியில் மண்ணடியில் உயிர்விட்டார்.

எட்டு வருஷம் முன்னால் சிவகங்கைச் சீமையில் இதே கம்பெனி பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். 1801ல் மருது சகோதரர்கள் சிறுவயலைத் தாங்களே தீ வைத்துவிட்டுக் காட்டுக்குள் போனார்கள். கர்னல் அக்னியூ சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட ஆரம்பித்தார். ஒரு மாதத்துக்கு மேல் வெட்டினார்கள். வெட்டுகிறவனுக்குக் காவல், காவலுக்குச் சாப்பாடு, சாப்பாடு வரும் வழிக்கு இன்னொரு காவல். இரண்டு பக்கமும் புதரிலிருந்து வேட்டு. கடைசியில் செப்டம்பர் தொடக்கத்தில் அந்தப் பாதையையே கைவிட்டார்கள்.

பிறகு எப்படி ஜெயித்தார்கள்? செப்டம்பர் 12ல் படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரை சிவகங்கைக்கு உரியவர் என்று சோழபுரத்தில் வைத்து அறிவித்தார்கள். அரச வாரிசு ஒருவர் எதிர்ப்பக்கம் நின்றதும், மருதுக்காகச் சண்டை போட்டவர்களில் ஒரு பகுதி தளர்ந்தது. அக்டோபர் 1ல் காளையார்கோவில் விழுந்தது. அதே மாதம் 24ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். கோடாரி ஒரு மாதத்தில் செய்யாததை ஒரு அறிவிப்பு மூன்று வாரத்தில் செய்தது.

உங்கள் கேள்விக்கான முதல் பதில் இதில் இருக்கிறது. நிற்கும் இடம் தெரிந்த எதிரியைப் பெரிய படை சுலபமாக அடிக்கும். இடமே இல்லாதவனை அடிக்க, முதலில் அவனைச் சுற்றியிருப்பவர்களை அவனிடமிருந்து பிரிக்க வேண்டும். அது பீரங்கி செய்யும் வேலை இல்லை.

நாஞ்சில் கணக்கு:

எண் கேட்டிருக்கிறீர்கள். நம் மாவட்டத்தையே வைத்துப் பார்ப்போம், மனசில் நிற்கும்.

ஆரல்வாய்மொழியிலிருந்து நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை ரோடு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இந்த ஒரு ரோட்டை ஒரு படை எப்போதும் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு ஒரு காவல் சாவடி, சாவடிக்கு 10 பேர். 24 மணி நேரக் காவலுக்கு மூன்று ஷிப்ட். 1,500 பேர் ஆகிவிட்டது. சமையல், லீவு, காய்ச்சல், சாவடிக்குத் தண்ணீரும் சாமானும் கொண்டுபோகும் வண்டி எல்லாம் சேர்த்தால் 2,000. அப்படியும் இரண்டு சாவடிக்கு நடுவே இருட்டில் ஒரு கிலோமீட்டர் காலியாகத்தான் கிடக்கும்.

எதிராளிக்கு எத்தனை பேர் வேண்டும்? பன்னிரண்டு பேர் போதும். அவர்கள் மாதத்தில் ஒரு ராத்திரி, ஐம்பதில் ஒரு கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்தால் போதும். மீதி 29 ராத்திரி வீட்டில் தூங்கலாம். 2,000 பேரும் 30 ராத்திரியும் விழித்திருக்க வேண்டும்.

காலையில் வேறு வேலை இருக்கிறது. இந்திய ராணுவத்தில் ரோடு ஓப்பனிங் பார்ட்டி என்பார்கள். கான்வாய் (ராணுவ வண்டி வரிசை) கிளம்பும் முன் ஒவ்வொரு சிறுபாலத்தின் அடியையும், புதிதாகத் தோண்டிய மண்ணையும், நேற்று இல்லாத கல் குவியலையும் நடந்தே பார்த்துக்கொண்டு போக வேண்டும். கவனமாகப் பார்த்தால் மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் நகர முடியும். கெட்டுப்போவது எங்கே என்றால் பழக்கத்தில். தினமும் அதே நேரம் கிளம்புவது, அதே மர நிழலில் உட்கார்வது, நாற்பது நாள் ஒன்றும் கிடைக்காததால் நாற்பத்தொன்றாம் நாள் பாலத்தின் மேலே நின்றபடியே எட்டிப் பார்ப்பது. எதிராளி உட்கார்ந்து கவனிப்பது இதைத்தான்.

இது ஒரு ரோடு. ஊர்களையும் பிடித்து வைக்க வேண்டுமென்றால்? 1990களில் அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய போர்களை வைத்து ஒரு தோராயக் கணக்கு சொன்னார்கள்: ஆயிரம் பேருக்கு 20 காவலர் அல்லது சிப்பாய். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்ட மக்கள்தொகை 18.7 லட்சம். இருபதால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37,400 பேர். ஒரு சின்ன மாவட்டத்துக்கு! ஆப்கானிஸ்தானுக்கு இதே கணக்குப் போட்டால் ஆறு லட்சம் வரும். அமெரிக்காவும் கூட்டாளி நாடுகளும் உச்சத்தில் வைத்திருந்தது சுமார் 1.4 லட்சம், உள்ளூர்ப் படை தாளில் மூன்று லட்சம், அதிலும் பெயர் மட்டும் உள்ள ஆட்கள் பலர். இருபது என்பது ஒன்றும் வேதவாக்கு இல்லை, விவாதத்துக்குரியதுதான். ஆனால் அளவு புரியும்.

அதோடு, 5.43 லட்சம் என்பதை அப்படியே போர்வீரர் எண்ணிக்கையாக எடுக்காதீர்கள். அதில் பெரும்பகுதி துறைமுகம், விமானத் தளம், மருத்துவமனை, ஒர்க்‌ஷாப், கிடங்கு. துப்பாக்கியோடு காட்டுக்குள் நடக்கும் காலாட்படை அதில் சிறு பங்கு. படை பெரிதாகப் பெரிதாக அதன் வாலும் நீளும், வாலுக்குக் காவலும் கூடும்.

தக்கலை வாசகன்:

நன்றி அண்ணாச்சி, மாவட்டக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். எதிராளிக்கும் குண்டு, அரிசி, மருந்து எல்லாம் வேண்டுமே? அந்த வரத்தை ஆகாயத்திலிருந்து அடித்து நிறுத்த முடியாதா?

குழித்துறை ஆற்றோரம்:

அதைத்தான் அமெரிக்கா எட்டு வருஷம் முயன்றது. இந்தோசீனா முழுவதும் 70 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அவர்கள் போட்டதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம்.

ஏன் நிற்கவில்லை? தேவை அவ்வளவு சிறியது. 1965 வாக்கில் அமெரிக்கத் தரப்பே போட்ட மதிப்பீட்டின்படி, தெற்கே இருந்த எதிரிப் படைக்கு வெளியிலிருந்து வர வேண்டியது நாளுக்குச் சில பத்து டன்தான். அரிசி உள்ளூரிலேயே கிடைத்தது. பத்துப் பதினைந்து லாரி. வடக்கு வியட்நாமிலிருந்து தெற்கே சாமான் போன ஹோ சி மின் பாதை என்பது ஒரு ரோடு அல்ல. லாவோஸ் காட்டுக்குள் பின்னிக் கிடந்த பல பாதைகள். ஒன்றில் குழி விழுந்தால் பக்கத்தில் இன்னொன்று. பாலம் உடைந்தால் தண்ணீருக்கு அடியில் கல் பரப்பி, மேலிருந்து பார்த்தால் தெரியாத பாலம். லாரி போகாத இடத்தில் சைக்கிள்: ஹேண்டில்பாரில் ஒரு மூங்கிலை நீட்டிக் கட்டி, ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போனால் 200 கிலோ வரை ஏற்றலாம். 100 டன் கிளம்பி 60 டன் அழிந்தாலும் மீதி 40 போதும். இதே அடியை நாளுக்கு ஆயிரக்கணக்கான டன் தேவைப்படும் டாங்கிப் படைக்குக் கொடுத்திருந்தால் ஒரு வாரத்தில் நின்றிருக்கும். வெடிக்காமல் கிடந்த குண்டுகளின் மருந்தே கண்ணிவெடியாகத் திரும்பி வந்தது இன்னொரு கொடுமை.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. சண்டையை யார் தொடங்குகிறார்கள்? அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சொந்த ஆய்வே நான்கில் மூன்றுக்கு மேற்பட்ட மோதல்களை எதிராளிதான் தொடங்கினான் என்று கண்டது. அதாவது எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்பதை அவனே முடிவு செய்கிறான். ஆள் சேதம் தாங்க முடியாவிட்டால் சண்டையைக் குறைத்துக்கொள்வான். "எத்தனை பேரைக் கொன்றோம்" என்று எண்ணி ஜெயிக்கப் பார்த்த தளபதிகள் இந்த இடத்தில்தான் ஏமாந்தார்கள். எண்ணிக்கையே பதவி உயர்வுக்கு அளவுகோல் ஆனதும், வயலில் விழுந்த விவசாயியும் எதிரிக் கணக்கில் ஏறினான். மேலே போன அறிக்கை நன்றாக இருந்தது. கீழே அந்த விவசாயியின் தம்பி காட்டுக்குப் போனான்.

சுற்றிவளைப்புத் தேடலை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு லாரிகள் கிளம்பும். சத்தம் நாலு ஊருக்குக் கேட்கும், நாய் குரைக்கும். வெளிவட்டம் மூடும் முன்னே தேடப்படுகிறவன் போயிருப்பான். விடிந்ததும் ஊரில் இருக்கும் வாலிபர்களைப் பள்ளி மைதானத்தில் உட்கார வைப்பார்கள். யார் என்று சொல்ல ஆள் இல்லாததால் இருபது பேரை ஏற்றிக்கொண்டு போவார்கள். இரண்டு நாள் அடித்துவிட்டு விடுவார்கள். சாயங்காலம் படை முகாமுக்குத் திரும்பும். இருட்டியதும் போனவன் வருவான். படையிடம் யார் யார் சிரித்துப் பேசினார்கள் என்று விசாரிப்பான்.

மக்கள் ஆதரவு என்று சொல்வதில் அன்பு மட்டுமில்லை, இந்தப் பயமும் உண்டு. தெற்கு வியட்நாமில் கிராமத் தலைவர்களும் ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தகவல் சொல்கிறவன் கேட்பது ஒரே கேள்வி: "நான் சொன்ன பிறகு நாளை ராத்திரி நீ இங்கே இருப்பாயா?" இருப்பேன் என்று பதில் சொல்ல முடியாத படைக்குத் தகவல் வராது. தகவல் இல்லாத படை கண்ணைக் கட்டிக்கொண்டு வீசும். இது பின்னிக்கொண்டே போகும் சுழல்.

ஆள் எண்ணிக்கையால் காட்டில் தேடுவதன் கதியை நாமே பார்த்திருக்கிறோம். வீரப்பன் போராளி அல்ல, சந்தனமும் தந்தமும் கடத்தி நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தவன். ஆனாலும் இரண்டு மாநிலப் படை வருஷக்கணக்காகக் காட்டைச் சலித்தும் கிடைக்கவில்லை. 2004 அக்டோபர் 18ல் கிடைத்தது, உள்ளே ஆள் வைத்து அவனைக் காட்டுக்கு வெளியே வரவழைத்ததால்.

மண்டைக்காடு வாசி:

எல்லாம் சரி, ஆனால் இந்த இழை ஒரு தப்பான எண்ணத்தை விதைத்துவிடக் கூடாது. கெரில்லாக்களில் தோற்றவர்கள் ஏராளம். மருது, மலபாரின் பழசிராஜா, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனை எதிர்த்த போயர்கள், மலேயா. ஏன் தோற்றார்கள் என்று பார்த்தால்தான் ஜெயித்தவர்கள் ஏன் ஜெயித்தார்கள் என்பது விளங்கும்.

மலேயாவை விரிவாகச் சொல்கிறேன். ரப்பர் தோட்டங்களில் நம் ஆட்கள் இருந்த நாடு. 1948ல் கலகம் தொடங்கியது. காட்டில் இருந்தவர்கள் உச்சத்தில் எட்டாயிரம் பேர், பெரும்பாலும் சீனர். பிரிட்டிஷ் படை முதல் இரண்டு வருஷம் வியட்நாமில் பிறகு நடந்த அதே தப்பைத்தான் செய்தது: பெரிய படையணியாகக் காட்டுக்குள் போய் வெறுங்கையோடு திரும்புவது, கோபத்தை ஊர்மேல் காட்டுவது. 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் நிராயுதபாணிகள் 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

1950ல் பிரிட்டிஷ் தளபதி பிரிக்ஸ் பெயரால் ஒரு திட்டம் வந்தது. காட்டோரத்தில் சிதறியிருந்த சுமார் 5 லட்சம் பேரை முள்வேலி போட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றினார்கள். 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை. பிறகு சோற்றில் கை வைத்தார்கள். அரிசி ரேஷன். சில இடங்களில் அரிசியாகவே கொடுக்காமல் பொதுச் சமையலறையில் சோறாக்கித்தான் கொடுத்தார்கள். சோறு அந்த வெக்கையில் மறுநாளே ஊசிவிடும், காட்டுக்குக் கடத்தி வைக்க முடியாது. டின் உணவு விற்கும்போதே கடைக்காரர் டப்பாவில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களை வாசலில் சோதித்தார்கள். பசித்தவன் ஊரைத் தேடி வந்தான். வரும் வழி தெரிந்திருந்ததால் அங்கே காத்திருந்து பிடித்தார்கள். சரணடைந்தவனுக்குப் பணம் கொடுத்து, அவனை வைத்தே அடுத்த முகாமைக் கண்டுபிடித்தார்கள். இந்த வேலையில் பட்டாளத்தைவிட உள்ளூர் போலீஸின் உளவுப் பிரிவின் பங்கு பெரியது.

அதோடு நின்றிருந்தால் அது வெறும் சிறைதான். 1952ல் சீனர்களில் பெரும்பகுதிக்குக் குடியுரிமை வழி திறந்தது. 1957 ஆகஸ்ட் 31ல் சுதந்திரமே கொடுத்தார்கள். வெள்ளைக்காரனை விரட்டுகிறோம் என்று சொல்லிக் காட்டில் இருந்தவனுக்குச் சொல்ல வேறு காரணம் மிஞ்சவில்லை. அப்படியும் 1960 வரை, பன்னிரண்டு வருஷம் ஆனது. அங்கே பிரிட்டனுக்கு இருந்த சாதகங்களையும் சொல்ல வேண்டும்: எதிராளி ஒரே சமூகத்தில் அடங்கியிருந்தான், ஆயுதம் கொடுக்க அண்டை நாடு இல்லை. தெற்கு வியட்நாமில் 1962ல் இதே கிராம மாற்றத்தைக் காப்பியடித்தார்கள். நிலமும் முன்னோர் கல்லறையும் உள்ள விவசாயியை அவசரமாகப் பிடுங்கி நட்டார்கள், வேலிக்குக் காவல் போதவில்லை. இரண்டு வருஷத்தில் சரிந்தது.

நின்று சண்டை போடும் ஆசை கெரில்லாவையும் கவிழ்க்கும். சோவியத் படை 1989 பிப்ரவரி 15ல் ஆப்கானிஸ்தானை விட்டுப் போனது. அடுத்த மாதமே, அவர்களை எதிர்த்த கெரில்லாக்களான முஜாகிதீன்கள் ஜலாலாபாத்தை நேருக்கு நேர் தாக்கித் தோற்றார்கள். எல்லோரும் சில மாதம் தாங்காது என்று நினைத்த, சோவியத் ஆதரவில் இருந்த நஜிபுல்லா அரசு 1992 ஏப்ரல் வரை நின்றது. மாஸ்கோவின் எண்ணெயும் பணமும் நின்ற பிறகுதான் விழுந்தது.

ஈழத்தைப் பேசாமல் விட முடியாது, கனத்த மனதோடுதான் எழுதுகிறேன். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தை விடுதலைப் புலிகளிடமிருந்து சில வாரத்தில் பிடித்தது. சண்டை வன்னிக் காட்டுக்கு நகர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இறந்தார்கள். பொதுமக்கள் பட்டது சொல்லில் அடங்காது. டெல்லியில் ஆட்சி மாறியது, கொழும்பே வெளியேறச் சொன்னது, 1990 மார்ச் 24ல் கடைசி அணி கப்பலேறியது. இருபது வருஷம் கழித்து அதே இயக்கம் எல்லைக்கோடு, தலைநகர், பீரங்கி என்று ஒரு நாட்டுப் படையைப் போல நிலம் பிடித்து நின்றது. 2004ல் இயக்கத்தின் கிழக்குப் பிரிவு பிளந்து தனியே போனது. 2007ல் ஆயுதக் கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 2009 ஜனவரி 2ல் கிளிநொச்சி, மே மாதம் முள்ளிவாய்க்கால். கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழு. அந்த விலையை வைத்து யாராவது "இப்படித்தான் ஜெயிக்க வேண்டும்" என்று சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

ஆரல் காற்று:

மண்டைக்காட்டு அண்ணன் சொன்னதோடு பிரான்ஸின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவையும் சேருங்கள். களத்தில் ஜெயித்தும் போரில் தோற்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பிரான்ஸ் 4 லட்சத்துக்கு மேல் படை வைத்திருந்தது. 1957ல் அல்ஜியர்ஸ் நகரத்துக் குண்டுவெடிப்பு வலையைச் சித்திரவதை மூலம் அறுத்தார்கள். துனீசியா எல்லையில் மின்வேலியும் கண்ணிவெடியும் வைத்து வெளியிலிருந்து வந்த ஆயுதத்தை ஏறக்குறைய நிறுத்தினார்கள். 1960 வாக்கில் உள்ளே இருந்த போராளிக் குழுக்கள் சிதறிக் கிடந்தன. ஆனால் சித்திரவதைச் செய்தி பாரிஸில் வெடித்தது, 1958ல் பிரான்ஸின் குடியரசு அமைப்பே மாறியது, கட்டாய ராணுவ சேவைக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் களைத்துவிட்டன. 1962ல் எவியான் ஒப்பந்தம், சுதந்திரம்.

வெளியிலிருந்து வந்த படைக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது. உள்ளூர்க்காரனுக்கு இல்லை. அதனால் இரண்டு பேரும் ஒரே போரில் இருப்பதாகத் தெரிந்தாலும் பணயம் ஒன்றல்ல. 1968 ஜனவரி கடைசியில் நடந்த டெட் (வியட்நாமியப் புத்தாண்டு) தாக்குதலில், தெற்கின் கம்யூனிஸ்ட் கெரில்லாப் படையான வியட்காங் கடுமையான ஆள் இழப்போடு முறியடிக்கப்பட்டது. ஆனால் "முடியப் போகிறது" என்று அதற்கு முன்பு வரை கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்க மக்கள் சைகோன் தூதரக வளாகத்துக்குள்ளேயே சண்டையைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மார்ச் 31ல் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் மறுபடி போட்டியிடவில்லை என்று அறிவித்தார். பெரும்பாலான சிப்பாய்களுக்கு அங்கே 12 மாதம்தான் பணி. நிலமும் பாதையும் பழகும்போது ஒருவன் ஊருக்குப் போவான், புதியவன் வந்து அதே தப்பை முதலிலிருந்து செய்வான்.

குளச்சல் பற்றி யாரும் சொல்லவில்லையே?

குழித்துறை ஆற்றோரம்:

குளச்சலை கெரில்லாக் கணக்கில் சேர்க்காதீர்கள் மக்கா. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா நடத்தியது முற்றுகை. ஆனால் உங்கள் பேச்சில் வைக்க இடம் உண்டு, ஏனென்றால் வழங்கல் அறுந்த பெரிய சக்தி என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சாட்சி.

டச்சுக் கம்பெனி அப்போது கடலில் பெரும்புள்ளி. 1741ல் குளச்சலில் இறங்கி அரண் போட்டுக்கொண்டது. பின்னால் இருந்த ஒரே வழி கடல். தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கரையில் ஆள் இறக்குவதே பாடு. ஜாவாவில் அதே சமயம் கலவரம் ஓடிக்கொண்டிருந்ததால் அங்கே படேவியாவில் இருந்த டச்சுத் தலைமையிடத்திலிருந்து போதிய உதவி வரவில்லை. தரைப்பக்கம் முழுவதும் திருவிதாங்கூர் ஆட்கள். ஆகஸ்டில் ஒரு பீரங்கிக் குண்டு அரணுக்குள் இருந்த வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து தீப்பிடித்தது. சேமித்து வைத்திருந்த அரிசி எரிந்து போனது. சில நாளில் சரணடைந்தார்கள். அவர்களில் ஒருவரான டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்தார். கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. உங்கள் வட்டத்துக்குத் தக்கலையிலிருந்து புலியூர்க்குறிச்சி பக்கம்தானே, பேச்சு முடிந்ததும் எல்லோரையும் ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள்.